மூன்று பேருக்கான ஹீட்டர்

காற்று வறண்டு, குளிர் எலும்பைத் துளைக்கும் அந்த மலைக் குடியிருப்பில், எந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய ஹீட்டர் என்று முடிவு செய்தவள் பொறியாளர் சண்முகவடிவு. ஆள் உடம்பும் சூடு தரும் அல்லவா? வீட்டில் இருப்பவர்களையும் கணக்கில் சேர்த்து ஹீட்டரைச் சிறிதாக்கிவிடுவாள். அப்படி மின்சாரத்தை மிச்சப்படுத்தியதற்காகப் பாராட்டும் வாங்கியிருந்தாள்.

இருப்பதிலேயே சிறியது, தூத்துக்குடியிலிருந்து வந்து குடியேறிய ஸ்டெல்லாவின் வீட்டில் இருந்தது. ஸ்டெல்லா, படுத்த படுக்கையான கணவர், மகள் பிரின்சி என மூன்று பேருக்குப் போட்டது. சோதிக்க வந்த சண்முகவடிவு, அறையின் கதகதப்பில் பூரித்துப் போனாள். அப்புறம்தான் கட்டிலருகே பிரின்சியைப் பார்த்தாள்.

"நீ நர்ஸிங் படிக்கக் கீழே போயிட்டேன்னு சொன்னாங்களே?"

"போனேன்க்கா. மறுவாரமே அப்பாவுக்கு விரலெல்லாம் நீலம் பாரிச்சிட்டு. நான் இல்லேன்னா இந்த ஹீட்டர் காணாதுக்கா."

அந்தக் குரலில் குற்றச்சாட்டே இல்லை. அதுதான் சண்முகவடிவின் நெஞ்சில் தைத்தது.

"பெரிசா மாத்தித் தாரேன்" என்று சொல்லவும் வழியில்லை. குடியிருப்பின் மின்சாரம் மொத்தமும் அவள் கணக்கின்படிதான் வீட்டுக்கு வீடு மிச்சமில்லாமல் பங்கிடப்பட்டிருந்தது.

ஸ்டெல்லா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அவசரமா போணுமாம்மா? நீங்க கொஞ்ச நேரம் உக்காந்தீங்கன்னா, பிள்ள வெளிய ஒரு எட்டு போயிட்டு வந்துரும்."

சண்முகவடிவு கோட்டைக் கழற்றிவிட்டு, பிரின்சி எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அது இன்னும் சூடாக இருந்தது.