முட்டை அட்டை நெருப்பு

மெல்றோய் மண்ணில் குப்புறக் கிடந்து தென்னம் பன்னாடையை ஊதுகிறான். தூறலில் நனைந்த பன்னாடை புகைகிறதே தவிரப் பற்றவில்லை. வாவிக்கரையில் வெள்ளைக்காரர்கள் நுளம்புக் கடிக்குக் கால்களைத் தட்டியபடி காத்திருக்கிறார்கள். முதலில் நெருப்பு மூட்டுகிறவனுக்குத்தான் இந்த சீசன் வேலை என்று ஹோட்டல் மனேஜர் சொல்லிவிட்டார். பக்கத்தில் நிதுர்ஷன் அவசரமே இல்லாமல் தன் டின்னைத் திறக்கிறான். உள்ளே, முட்டை அட்டைக் குழிகளில் தேங்காய்த் தும்பை அடைத்து, மெழுகுதிரியை உருக்கி ஊற்றி அவனே செய்த உருண்டைகள். ஒரே குச்சிதான், சுவாலை எழும்புகிறது, எல்லாரும் கைதட்டுகிறார்கள். அந்த வெளிச்சத்தில் தெரிகிற அவன் பல்வரிசைகூட மெல்றோய்க்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. "ஊதி ஊதிச் சாகாதீங்க அண்ணே. இந்தாங்க, ஒண்டு பிடிங்க." உள்ளங்கையில் வந்து விழுந்த, மெழுகு மூடிய உருண்டையில் பொட்டு ஈரமில்லை. மெல்றோய் அதையே வெறித்துப் பார்க்கிறான். மத்தியானம், யாரும் இல்லாத நேரம், அந்த உருண்டைகளை மூடி திறந்த டின்னோடு வாவித் தண்ணீருக்குள் முக்கி எடுத்து, வடித்து வைத்தது அவனேதான்.