சிவப்பு நூல், நீல நூல்

போர்க்கால இருட்டடிப்புக்கு ஒட்டிய கறுப்புத் தாள் இன்னும் பாதி உரியாத சன்னல் வழியே, துறைமுகத்துத் தண்ணீரில் பட்ட காலை வெயில் ஆய்வுக்கூடத்துச் சுவரில் ஆடுகிறது. டாக்டர் அற்புதமணி மைக்ராஸ்கோப்பில் குனிந்திருக்கிறாள். கோழி மலேரியாக் கிருமியைக் கொன்று அவள் செய்த தடுப்பூசியைப் போட்டுக்கொண்ட குஞ்சுகளின் ரத்தம் அது. காலில் சிவப்பு நூல் கட்டியவற்றுக்குப் பிறகு அதே கிருமியை உயிரோடு ஏற்றினாள்; நீல நூல் கட்டியவற்றுக்கு, வாத்துகளில் வளர்த்த வேறு வகை. தடுப்பூசி போடாமல் கிருமி மட்டும் ஏற்றிய குஞ்சுகள் மூலைக் கூண்டில் கழுத்தைத் தொங்கப் போட்டிருக்கின்றன. சிவப்பு நூல் குஞ்சுகள் பத்தின் ரத்தமும் சுத்தம். இப்போது நீலம். பார்க்கும் இடமெல்லாம் கல் வைத்த மோதிரம்போல் கிருமியின் ஊதா வளையங்கள். கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும், அவள் அண்ணன் முறையில் 'காக்கா' என்று அழைக்கும் நூஹு தவிட்டுக் கிண்ணத்தோடு நிற்கிறார்.

"இதுலயும் ஒண்ணும் இல்லதான, டாக்டரம்மா?"

"நிறைய இருக்கு, காக்கா."

"அப்ப தோத்துட்டோமா?"

அவளுக்குச் சிரிப்பு பொங்குகிறது. கொழும்புக் கப்பல் சங்கு ஊத, அதற்கு மேல் கத்துகிறாள்: "ரெண்டு கிருமியோட வளையமும் என் கண்ணுக்கே ஒண்ணு போலத்தான் தெரியுது. ஆனா ஊசியில பாத்த கிருமிய மட்டும் அடையாளம் கண்டு அடிச்சிருக்கு. எது எதுன்னு இந்தக் குஞ்சோட ரத்தத்துக்குத் தெரிஞ்சிருக்கு, காக்கா!"

நூஹு கூண்டுக்குள் கை விடுகிறார். சிவப்பு நூல் குஞ்சு ஒன்று அவர் விரலை வெடுக்கென்று கொத்துகிறது. அவர் கையை எடுக்கவில்லை.