இடப்பக்கக் கழுத்து

அவன் ஓர் அடி முன்னால் வைத்தான்.

ஜூலி ஓர் அடி பின்னால் வைத்தது.

கையில் கேரட் இருந்தது. மண் போகக் கழுவிக் கொண்டுவந்தது.

ஜூலி கேரட்டைப் பார்த்தது. அவனைப் பார்த்தது. கயிறு விட்ட தூரம் விலகிப்போய், சகாயத்தின் ஸ்வெட்டரில் மூக்கை வைத்துக்கொண்டது.

சகாயமும் சவாரிக் குதிரைக்காரன்தான்; கொட்டகை இருவருக்கும் பொது. சகாயத்துக்கென்று வெள்ளைக் குதிரை ஒன்று, அதே தகரக் கூரையின் கீழ், அந்தப் பக்கம் நிற்கிறது.

அது போதாதா சகாயத்துக்கு?

ஆறு வருடமாக ஜூலிக்குப் புல்லும் தண்ணீரும் இவன் கையால். கொடைக்கானல் குளிரில் சாக்கு போர்த்துவது இவன். சகாயம் செய்வதெல்லாம், போகிற போக்கில் “வாடி தங்கம்” என்பது ஒன்றுதான்.

அதற்கே ஒரு குதிரை மயங்குமா?

போன வாரம்வரை இப்படி இல்லை. அதுதான் புரியவில்லை.

குதிரைக்கு இடப்பக்கம் நின்றுதான் ஆளை ஏற்ற வேண்டும். கால் புண் ஆறியதும் ஜூலி ஏரிக்கரைச் சவாரிக்குப் போக வேண்டும். அவன் இடப்பக்கம் வந்தாலே துள்ளுகிற குதிரைமேல் எந்தத் தாய் பிள்ளையை ஏற்றுவாள்?

முதலில் வெல்லம் என்று நினைத்தான். யாரும் பார்க்காதபோது சகாயம் கொடுத்து மயக்குகிறான்.

சகாயத்தின் பையில் கை விட்டே பார்த்தான். தீப்பெட்டியும் ஒரு பஸ் டிக்கெட்டும் இருந்தன.

“அண்ணே, அண்ணிகூட உங்க பைய இப்படித் தேடியிருக்காது,” என்றான் சகாயம். “ஒரு குதிரைக்கா இம்புட்டுச் சந்தேகம்?”

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்படியானால் வாசனை.

“குளுருதுடா” என்று ஸ்வெட்டரை இரவல் வாங்கினான். சகாயம் வெளியே அடிக்கிற வெயிலைப் பார்த்தான். கழற்றிக் கொடுத்தான்.

ஜூலி நெஞ்சுப் பக்கம் மோந்தது. விலகவில்லை. கம்பளி வழியே அதன் மூச்சு சூடாக இறங்கியது.

அவன் அசையாமல் நின்றான்.

கை மட்டும் தானாக எழுந்தது. இடப்பக்கக் கழுத்தை மெல்லத் தடவியது.

தோல் சிலிர்த்தது. அடியில் சதை கல்லாக இறுகியது. ஜூலி ஒரே துள்ளலில் பின்வாங்கியது. கயிறு விறைத்து நின்றது.

வாசனை இல்லை.

கை.

அவன் தன் உள்ளங்கையைப் பார்த்தான்.

முள்கம்பி கிழித்த பின்னங்கால். பத்து நாள் பென்சிலின். முதல் இரண்டு ஊசியை மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா போட்டார். ஆஸ்பத்திரி மேட்டில் இருக்கிறது. நொண்டுகிற குதிரையைத் தினமும் ஏற்ற அவனுக்கு மனம் வரவில்லை. கம்பவுண்டரைத் தனியாகப் பார்த்தான்.

“மாட்டுக்குப் போடுறதுதான். இது என்ன ராஜா வீட்டுப் பிள்ளையா? சதையில குத்து, மெதுவா அழுத்து.”

மூன்றாம் நாளிலிருந்து அவனே போட்டான். இடப்பக்கக் கழுத்தில் ஐந்து ஊசி.

டாக்டரம்மா தடவவில்லை. அறையிலிருந்து வந்தார், குத்தினார், உள்ளே போனார். ஜூலிக்கு அவர்மேல் கோபம் வந்தது. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுமுன் போயும் போனது.

அவன் தடவினான். வலிக்குமே என்று, ஒவ்வொரு நாளும், குத்துமுன். “ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்லடி.”

பிறகு குத்தினான்.

குதிரைக்கு ஊசி தெரியாது, மருந்து தெரியாது. எதற்குப் பின் எது வந்தது என்பது தெரியும். தடவல் வந்தது, வலி வந்தது. மறுநாளும் அப்படியே. ஆறு வருடத் தடவலுக்கு ஐந்து நாளில் அர்த்தம் மாறிவிட்டது.

சகாயத்தின் கைக்குப் பின்னால் எதுவும் வருவதில்லை.

அவ்வளவுதான் அவனுடைய வசியம்.

இன்னும் மூன்று ஊசி பாக்கி.

மூன்று போதும் என்று தோன்றியது. மூன்று நாளில் சகாயத்தின் கைக்கும் ஜூலி துள்ளும்.

“சகாயம், ஒரு கை குடுடா. ஊசி போடணும்.”

“நானா? எனக்கு என்னண்ணே தெரியும்?”

“நான் சொல்லித் தரேன். மொதல்ல கழுத்த நல்லாத் தடவு.”

சகாயம் ஊசியை வலக்கையில் பிடித்துக்கொண்டு இடக்கையால் தடவினான்.

ஜூலி கண்ணைப் பாதி மூடியது. கழுத்தை அந்தக் கைக்குள் இன்னும் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தது.

நம்பித்தான் கொடுத்தது.

“குத்தட்டாண்ணே?”

“வேணாம். குடு இங்க.”

பிடுங்கித்தான் வாங்கினான். சகாயத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை.

புண் காய்ந்திருந்தது. கால் தாங்கியது. சகாயம் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, ஜூலி மேடேறியது. அவன் பத்தடி தள்ளிப் பின்னால் நடந்தான்.

டாக்டரம்மா முழுவதையும் கேட்டார்.

“ஊசிய எறக்கினதும், ரத்தம் வருதான்னு இழுத்துப் பாத்தீங்களா?”

“இல்லம்மா. அழுத்த மட்டுந்தான் சொன்னாரு.”

“கழுத்துல பெரிய ரத்தக்குழாய் ஓடுது. இந்த மருந்து அதுக்குள்ள போயிருந்தா நின்ன இடத்துலயே விழுந்திருக்கும். அஞ்சு நாளும் தப்பிச்சிருக்கு, உங்க குதிரை.”

அவன் பையிலிருந்த ஊசியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

அதன் பிறகுதான் ஏற்பாடு முடிவாயிற்று.

மூன்று நாளும் டாக்டரம்மா போடுவார். கழுத்தில் வேண்டாம், தொடையில். யாரும் முன்னால் தடவக் கூடாது. அவன் சுவருக்கு வெளியே, ஜூலி கண்ணில் படாமல் நிற்பான். முடிந்து கால்மணி கழித்து வெறுங்கையோடு உள்ளே வருவான். கழுத்தைத் தொடமாட்டான். நெற்றியில் மட்டும் சொறிவான். ஜூலி தானாக நீட்டுகிற நாளில் கழுத்துக்குப் போகலாம்.

அதுவரை உள்ளே கயிற்றைப் பிடிக்க, ஜூலிக்குப் பயமில்லாத ஆள் ஒருவன் வேண்டும்.

சகாயம் பிடிப்பான்.