ஈரப் பலகை

டேக்வாண்டோ கூடத்தில் கறுப்புப் பட்டையின் ஏழாம் நிலைத் தேர்வு நடக்கிறது. மேடையிலுள்ள ஐந்து நடுவர்களும் வெள்ளைக்காரர்கள். இன்று தேறினால் அவர்களோடு உட்காரப்போகும் முதல் கறுப்பினப் பெண் அவள். முன்னால் வந்தவர்கள் உடைத்த பலகைத் துண்டுகள் தரையில் காய்ந்து வெளுத்துக் கிடக்கின்றன. அவளுக்கான பலகையைப் பிடித்து நிற்கும் இரண்டு பயிற்சியாளர்களும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. பலகையைத் தொடுகிறாள், உள்ளங்கையில் ஈரம் ஒட்டுகிறது. ஈரப் பலகை வளையும், உடையாது. "என்னம்மா யோசனை? எல்லாருக்கும் ஒரே பலகைதான்" என்கிறார் தலைமை நடுவர். அவள் அதை வாங்கிக்கொண்டுபோய் அவர் முன்னால் நீட்டுகிறாள். "அப்படின்னா நீங்களே ஒரு தடவை தொட்டுப் பாருங்க, சார்." அவர் மேசைமேல் இருந்த கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். அவளுக்குப் பின்னால் யாரோ கூடத்தின் கதவைச் சாத்துகிறார்கள்.