ஏழேமுக்காலுக்கு ஓர் ஆள்

குழந்தையைக் கடத்திய லாரி பாலத்தை உடைத்துக்கொண்டு ஆற்றில் விழுந்தபோது ஆர்விட் குறட்டை விட்டார்.

"கல்நெஞ்சுக்காரன்," என்றாள் பக்கத்தில் இருந்த லவோன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"விடியறதுக்கு முன்னாலயே ரோட்டுல பனி தள்ளுற வண்டியை எடுத்துட்டுப் போயிட்டான்மா. அசதி," என்றார் பாஸ்டர்.

"இருக்கட்டும் பாஸ்டர். அங்க ஒரு பச்சைப் பிள்ளை தண்ணியில முங்குது. எப்படித் தூக்கம் வரும்?"

மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம் சர்ச்சின் கீழ்த்தளத்தில் படம் போடுவார்கள். மினசோட்டா குளிரில் வேறெங்கே போவது? படம் முடிந்ததும் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்த சாப்பாடு. சாப்பாட்டோடு விமர்சனம். தாளில் பெயருக்கு எதிரே ஐந்து கட்டம்; எத்தனை நட்சத்திரமோ அத்தனை டிக் போட்டு ஓரத்தில் குறிப்பு எழுதினால் ஊர்ப் பத்திரிகையில் வரும்.

இந்த முறை இன்னொரு தாளும் இருந்தது. இரண்டாம் வகுப்பு டீச்சர் கெய்லா கொண்டுவந்தது.

"ஸ்கூல் வாசல்ல 'நில்' பலகையைப் பிடிச்சுக்கிட்டுப் பிள்ளைங்களை ரோடு தாண்ட விடுவாரே தோர்சன், அவரு இடுப்பு ஒடிஞ்சு படுத்துட்டாரு," என்று எழுந்து நின்று சொன்னாள். "வியாழக்கிழமை ஒரு தானிய லாரி. ஒண்ணாங்கிளாஸ் பொண்ணுக்கு ஒரு முழம் தள்ளி நின்னுச்சு. காலைல ஏழேமுக்காலுக்கு ஒருத்தர் வந்தாப் போதும். அரை மணி நேரம்."

"ஐயோ, ஒரு முழமா!" என்றாள் லவோன்.

எல்லா மேஜையிலும் உச்சுக்கொட்டினார்கள்.

எங்கள் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மாட்டார்கள். கேட்பவரும் முகத்துக்கு நேரே கேட்க மாட்டார். அதற்குத்தான் தாள். பாஸ்டர் நட்சத்திரத் தாளுக்கு அடியில் கெய்லாவின் தாளையும் ஒரே அட்டையில் செருகி, பேனாவை நூலில் கட்டி, சுற்றுக்கு விட்டார்.

"ஒத்தை ஆளு நாற்பது பேரை அடிக்கிறான். நம்புற மாதிரியா இருக்கு? எங்கிட்ட ரெண்டு நட்சத்திரம்தான்," என்றார் இரும்புக்கடை டுவேன்.

"யோவ், பிள்ளைக்கு ஒண்ணுன்னா நீ நானூறு பேரை அடிக்க மாட்டே?" என்றார் எதிரே இருந்தவர்.

"நானா? எனக்கு முட்டி வலி."

"அந்தப் பிள்ளை கொஞ்சம் கம்மியா அழுதிருக்கலாம். தலைவலி வந்துருச்சு," என்றது ஒரு குரல்.

"வித்தியாசமா இருந்துச்சு," என்றாள் நூலகத்து ஜோலீன். எங்கள் ஊரில் அதற்குச் சகிக்கவில்லை என்று அர்த்தம்.

லவோன் தட்டைக் கீழே வைத்தாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் பிடிக்கலை. அந்தப் பிள்ளை ரோட்டோரம் நின்னு கத்துது. அத்தனை கார் போகுது, ஒருத்தன் நிக்கலை. எந்த ஊர்ல நடக்கும் இது? நம்ம ஊர்ல நடக்குமா? மனுஷங்களைப் பத்தி ஒண்ணுமே தெரியாதவன் எடுத்த படம். அதுக்காகவே ஒரு நட்சத்திரத்தைக் குறைச்சுட்டேன்."

எல்லோரும் தலையாட்டினார்கள்.

அட்டை கடைசியாக ஆர்விட்டிடம் வந்தது. டுவேன் தோளைத் தட்டி எழுப்பினார்.

"முடிஞ்சிருச்சா?" என்றார் ஆர்விட்.

சிரிப்பு.

"பிள்ளை பிழைச்சுதா?"

"அதைக்கூடப் பாக்காத ஆளு எதுக்குய்யா பேனாவைத் தொடுறே?" என்றாள் லவோன்.

ஆர்விட் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். தாளை மேலிருந்து கீழாக நிதானமாகப் படித்தார். எதையோ எழுதினார். அட்டையை லவோனிடம் நீட்டிவிட்டு, ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

"அநியாயம்!" என்று லவோன் பேனாவை எடுத்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு கெய்லா அட்டையைத் தேடி எடுத்தாள். மறுநாள் திங்கள். மேல் தாளைப் புரட்டக் கை வரவில்லை.

புரட்டினாள். அவளுடைய தாள் நிரம்பியிருந்தது.

பதினெட்டுப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து கட்டங்கள். அவற்றில் டிக் டிக்காக. ஓர் ஆள் கிடைத்தால் போதும் என்று வந்தவள், நாற்காலியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

"பாஸ்டர், இங்க பாருங்க! டுவேன்கூட ரெண்டு நாள். லவோன் நாலு நாள்!"

பாஸ்டர் வாங்கிப் பார்த்தார். ஓரத்தில் இருந்த 'குறிப்பு' வரிசையைப் படித்தார். பிறகு அந்த வரிசையில் விரலை வைத்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

'சண்டை நம்பும்படி இல்லை.'

'குழந்தையின் அழுகை அதிகம்.'

'வித்தியாசம்.'

'மனிதர்களைத் தவறாகக் காட்டியிருக்கிறார்கள்.'

நட்சத்திரத் தாள் பதினைந்து பேரோடு தீர்ந்துபோயிருந்தது. மிச்சப் பேர் தலைப்பைப் பார்க்காமல் அடுத்த தாளில் தொடர்ந்திருந்தார்கள். வாரத்தின் ஐந்து நாளும் ஐந்து நட்சத்திரமாகியிருந்தன.

கடைசிப் பெயர் ஆர்விட். ஐந்து கட்டத்திலும் டிக். குறிப்பில், 'என் வண்டி வேலை ஏழு மணிக்கு முடிந்துவிடும். தோர்சனிடம் பலகையை நானே போய் வாங்கிக்கொள்கிறேன்.'

அதை ஒட்டி, லவோனின் உருண்டைக் கையெழுத்தில் ஒரு வரி:

'இவர் படம் முழுக்கத் தூங்கினார். இந்த ஐந்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.'