குறைக்கு ரெண்டு பலம்

ஆளுக்கொரு வீரனைத் தாளில் உருவாக்கி, பகடை உருட்டிக் கதைக்குள் சண்டை போடும் ஆட்டம் அது. வீரனுக்கு ஒரு குறை எழுதினால் ரெண்டு பலம் கிடைக்கும். அதை ஆட வரும் வக்கீலுக்கு விதிப்புத்தகம் கையில் கிடைத்துவிட்டால் சோறு தண்ணி வேண்டாம்.

போன வாரம் அவர் தங்கையின் கணவர், பல் டாக்டர், தன் வீரனுக்கு ஒரு கை இல்லை என்று எழுதினார்.

“வீரனுக்கு முடியாதது ஆடுறவருக்கும் முடியாது, மாப்பிள்ளை. விதிக்கு அதான் அர்த்தம்” என்று வாதாடி, டாக்டரின் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்ட வைத்துவிட்டார் வக்கீல். பாவம், மனுஷன் பிஸ்கட் பாக்கெட்டைப் பல்லால் பிரித்தார்.

இந்த வாரம் வக்கீல் தன் தாளை நீட்டினார். ஆட்டத்தை நடத்தும் தங்கை படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“இதெல்லாம் ஒரு குறையாண்ணே? சண்டையில இதனால என்ன நஷ்டம்?”

“நஷ்டம் வரணும்னு புத்தகத்துல எங்க இருக்கு? காட்டு!”

முக்கால் மணி நேரம் பிடிபிடியென்று பிடித்தார். தங்கை கையெடுத்துக் கும்பிட்டாள்.

“சரி, ரெண்டு பலம் தந்தாச்சு. போன வாரத் தீர்ப்பும் செல்லும்தானே?”

“பின்னே? தீர்ப்புன்னா தீர்ப்புதான்!”

அவள் தாளை உரக்கப் படித்தாள்: “குறை: போர் முடியும் வரை வாய் திறப்பதில்லை என்று சபதம் எடுத்தவன்.” தாளைக் கீழே வைத்தாள். “ஆட்டம் ஆரம்பம்!”

“ஆட்சே...” என்று எழுந்தார் வக்கீல்.

பல் டாக்டர் ஆட்காட்டி விரலை உதட்டில் வைத்தார். அதற்கு ஒரு கையே போதுமாயிருந்தது.