யாரும் தேடாத அக்கா

"இந்த ஊர் உருப்படவே உருப்படாதுய்யா!"

கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார் ஆசிரியர். மேயர் தேர்தல் ஓட்டுப்பதிவு அப்போதுதான் முடிந்திருந்தது. அந்தச் செய்தித் தளத்தின் அலுவலகத்தில் மொத்தமே நாலு பேர். ஆசிரியர், பக்கம் வடிவமைக்கிற பெண், பிழை திருத்துகிற பெரியவர், அப்புறம் நம்ம கிராஃப்காரர்.

இணையத்தில் ஜனங்கள் எதைத் தேடுகிறார்கள் என்று பார்த்துக் கோடு போட்டுக் காட்டுவதுதான் கிராஃப்காரரின் வேலை. எந்தப் படம் ஓடும், எந்தச் செருப்பு விற்கும் என்று அவர் சொன்னதெல்லாம் இதுவரை பலித்திருக்கிறது. அந்தத் தெம்பில் இன்று மேயரையும் சொல்லிவிட்டார்.

"சிவப்புக் கோடு டான்ஸ் அண்ணன் சார். மேடைக்கு மேடை ஆடினாரே, அவரு. கூரையைப் பிச்சுக்கிட்டுப் போகுது பாருங்க."

"பச்சை?"

"ஆம்புலன்ஸ் அக்கா. தரையோட தரையாப் படுத்திருக்கு. எழுந்திருக்கவே இல்ல."

"அந்த ஆளைப் பத்தி அப்படி என்னத்தைய்யா தேடறாங்க?"

"அண்ணன் போட்டிருக்கிற கண்ணாடி என்ன விலை, அண்ணனுக்கு இருக்கறது சொந்த முடியா, அண்ணனோட ரெண்டாவது சம்சாரம் போட்டோ…"

"குடிதண்ணி பத்தி ஒருத்தனும் தேடலையா?"

"அண்ணன் தண்ணி போடுவாரான்னு தேடியிருக்காங்க சார்."

வடிவமைக்கிற பெண் குபீரென்று சிரித்துவிட்டாள். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை.

"அந்தம்மா பாவம். ராப்பகலா வண்டி ஓட்டினவங்க" என்றார்.

"பாவம் பார்த்து யாருங்க ஓட்டுப் போடறா? ஜனங்க ரசனை அவ்வளவுதான்" என்றார் கிராஃப்காரர். சொல்லும்போது அவருக்கே மனசு லேசாக உறுத்தியது. ஆனால் கோடு சொல்வதை மாற்ற முடியுமா?

"சரி, டான்ஸ் அண்ணன்தான் மேயர்னு இப்பவே போடு" என்றார் ஆசிரியர். "எல்லாருக்கும் முன்னாடி நாம சொன்னதா இருக்கட்டும். ஆனா ஒண்ணு. தப்பாப் போச்சுன்னா அந்த நாற்காலியில நாளைக்கு வேற ஆள் உட்காருவான்."

கிராஃப்காரர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் மதியத்துக்குள் எண்ணி முடித்துவிட்டார்கள். ஆம்புலன்ஸ் அக்கா அமோக வெற்றி! டான்ஸ் அண்ணனுக்கு அதில் பாதிகூடத் தேறவில்லை.

அலுவலக போன் ஓயவே இல்லை. எடுத்தால் ஒரே கேலி. கிராஃப்காரர் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். இந்த வயசில் வேறு எங்கே போய் வேலை தேடுவது?

"ஒருத்தன்கூடத் தேடாத அம்மாவுக்கு எங்கேருந்துய்யா இவ்வளவு ஓட்டு வந்துச்சு?" ஆசிரியர் கத்தினார்.

கிராஃப்காரர் சாப்பாட்டு டப்பாவை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

"மானம் போனது போச்சு. முதல் பேட்டியாவது நம்மதா இருக்கணும். அந்தம்மா நம்பரை யாராவது தேடிப் பிடிங்க!"

"தேட வேணாம் சார். என்கிட்டயே இருக்கு" என்றாள் வடிவமைக்கிற பெண். "அப்பாவுக்கு மூச்சுத் திணறினப்போ அவங்கதான் வந்தாங்க. அப்புறமும் ரெண்டு மூணு தடவை போன் பண்ணி விசாரிச்சாங்க."

"என்கிட்டயும் இருக்கு" என்றார் பெரியவர். "என் சம்சாரம் வழுக்கி விழுந்தப்போ வாங்கி வச்சது."

கிராஃப்காரர் தயங்கித் தயங்கித் தன் போனை எடுத்தார்.

"பாப்பாவுக்கு ஜுரத்துல வலிப்பு வந்தப்போ…" நம்பரைத் திரையில் காட்டினார்.

ஆசிரியர் தன் போனை எடுத்து ரெண்டு தட்டுத் தட்டிக் காதில் வைத்துக்கொண்டார். யாரிடமும் அவர் நம்பர் கேட்கவில்லை.

லைன் கிடைக்கவில்லை. போனைக் கீழே வைத்தார்.

"அது சரி, நீங்க யாருக்குண்ணா போட்டீங்க?" கிராஃப்காரரைக் கேட்டாள் அந்தப் பெண்.

"அக்காவுக்குத்தாம்மா. எப்படியும் ஜெயிக்கப் போறதில்ல, நானாவது போடுவோம்னு."

"நானும் அப்படி நினைச்சுத்தான் போட்டேன்" என்றார் பெரியவர். அவளும் தலையாட்டினாள்.

மூன்று பேரும் ஆசிரியரைப் பார்த்தார்கள்.

"என்னய்யா பார்க்கறீங்க? இந்த ஊர்ல ஒருத்தனுக்காவது நன்றி இருக்கட்டுமேன்னு நானும் அந்தம்மாவுக்குத்தான் போட்டேன்! நீ முதல்ல பையைக் கீழ வை."

கிராஃப்காரர் பையைக் கீழே வைத்தார்.

"ஊர்ல நாம ஒருத்தர்தான் யோக்கியம்னு நினைச்சுக்கிட்டே, மொத்த ஊரும் போட்டிருக்கு சார்!"